டயட் கேனும் ஆயக்குடிக் கொய்யாவும்

நம் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது, ஏறும் இறங்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் வாயால் சொல்லத்தான் முதலாளியின் மகள் போன மாதம் என்னைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வணக்கம் என்றேன், வியர்த்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அதற்கும் கைதட்டினீர்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால், ‘நீங்க எழுதிக் குடுத்துருங்க, பேசற வேலையே வேண்டாம்’ என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

நான் நம் பெரிய கடையில், நடைப்பயிற்சிப் பாதைக்கு எதிரே இருக்கிறதே அந்தக் கடையில், இருபத்தேழு வருடம் ஜூஸ் கவுண்டரில் நின்றேன். முட்டி இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டதால் இந்த வருடம் வேலையை விட்டு நின்றுகொண்டேன். பழம் எப்படிப் பார்த்து எடுப்பது, மிக்ஸியை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் பத்து நாளில் உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலையைப் பற்றி. அன்றைக்கு ஒரு தப்புச் செய்தேன். அடுத்த கால் மணி நேரத்துக்குள் இன்னொன்றும் செய்தேன். அந்த இரண்டாவதைத் தப்பு என்பதா சரி என்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் கவனித்திருப்பீர்கள். தினமும் வருகிறவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவருடைய பொருள் மேசையில் இருக்க வேண்டும். அவர் எதிரே பாதையை விட்டு வெளியே வந்து ரோட்டைக் கடப்பதற்குள் எடுத்து வைத்துவிடுவோம். வருகிறவர்களுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கு அதில் ஒரு வசதி. பேச வேண்டியதில்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை, சட்டையும் நடையும் தெரிந்தால் போதும். கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

அப்படித் தினமும் வந்தவர்களில் இரண்டு பேர் நண்பர்கள். ஒருவர் நூல் மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், சட்டையை இன் செய்துகொண்டுதான் நடக்கவே வருவார். இன்னொருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாழையும் தென்னையும் வைத்திருப்பவர், மகன் வீட்டோடு கோவைக்கு வந்துவிட்டவர். அவரைத் தோப்புக்காரர் என்போம். இரண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி. தோப்புக்காரருக்கு மாத்திரை. மாஸ்டருக்கு இன்சுலின் ஊசி.

நம் முதலாளி கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி ஒன்றை வாங்கி, அதில் டயட் சோடா கேன்களை அடுக்கியதிலிருந்து இவர்களுக்குள் சண்டை ஆரம்பம். மாஸ்டர் தினமும் ஒரு டயட் கேன். தோப்புக்காரர் தினமும் பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா ஒன்று, தோலோடு, உப்பில்லாமல்.

“ஏனுங்க, இந்த எழுத்தைப் பாருங்க. சர்க்கரை சைபர். கொழுப்பு சைபர். எல்லாஞ் சைபர். உங்க கொய்யால ஒரே ஒரு சைபர் காட்டுங்க பாக்கலாம்” என்பார் மாஸ்டர்.

“எல்லாஞ் சைபர்னா எதுக்குங்க அதைக் குடிக்கறீங்க? எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணியும் எல்லாஞ் சைபருதான். வேணும்னா ஒரு கொடம் அனுப்பறனுங்க” என்பார் தோப்புக்காரர்.

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இதில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் மாஸ்டர் கட்சி. பக்கத்து பேக்கரியில் இரண்டு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, டயட் கேனோடு சேர்த்துச் சாப்பிடுவார். கேன் சைபர் ஆகையால் பப்ஸும் கணக்கில் வராது என்பது அவருடைய எண்ணம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க, பழத்தோடயே இருக்கறவர் நீங்க என்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். கேனில் இருப்பது ஆங்கிலம். எனக்குத் தமிழே எவ்வளவு தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

காலையில் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போகும் நர்ஸம்மா ஒருவர் நம் கடையில் கொய்யா வாங்குவார். என் பெண் வயதுதான் இருக்கும். அவர் பேரை நான் கேட்டதே இல்லை. பேர் கேட்கிற தைரியம் எனக்கு எப்போது இருந்தது? ஆனால் அன்றைக்கு ஒரு கேனை எடுத்து நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அவர் நின்று நிதானமாகப் படித்துச் சொன்னார்.

“நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்ணா. உள்ள என்ன இருக்குதுன்னு கேளுங்க. இதுல சத்துன்னு எதுவுமே இல்லீங். இனிப்பு ருசிக்கு வேற ஒண்ணு போட்டிருக்காங்க. சர்க்கரை போட்ட சோடா குடிக்கறதுக்கு இதைக் குடிக்கறது தேவலை, அவ்வளவுதான். கொய்யால சர்க்கரை இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா நாரு இருக்குது, விட்டமின் இருக்குது. கடிச்சுத் தின்னா அந்தச் சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துக்குப் போகும். அதையே ஜூஸா அடிச்சு வடிகட்டி, மேல சர்க்கரையும் போட்டுக் குடிச்சா வேகமாப் போயிரும்.”

இருபது வருடத்துக்கு மேல் ஜூஸ் அடித்தவனுக்கு இது புதுச் செய்தி. நான் தலையாட்டினேன். அவர் கிளம்பும்போது திரும்பி நின்று இன்னும் கொஞ்சம் சொன்னார். ஊசி போடுகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். அந்த நேரத்தில் இந்தக் கேன் வெறும் தண்ணீர். கொய்யாவும் உதவாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். சர்க்கரை போட்ட ஜூஸ் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த நிமிடமே. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தெரியலைன்னாலும் குடுங்ணா. ஏறியிருந்தா அப்புறம் டாக்டர் பாத்துக்குவாங்க. எறங்கினவங்களுக்குக் குடுக்காம உட்டாத்தான் ஆபத்து.”

இதில் முதல் பாதியை மறுநாள் இரண்டு நண்பர்களுக்கும் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. அது ஆஸ்பத்திரி விஷயம், கடைக்காரனுக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒருவருடைய வியாதியைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே பேசுவது மரியாதையில்லை என்றும் தோன்றியது.

சொன்ன பாதியால் சண்டை தீரவில்லை. கெட்டது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், நான் ஜெயித்தேன் என்றார் மாஸ்டர். நல்லது ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள், நான் ஜெயித்தேன் என்றார் தோப்புக்காரர். கடைசியில் பந்தயம் வைத்தார்கள். ஒரு மாதம் மாஸ்டர் கேன், தோப்புக்காரர் கொய்யா. மாதம் முடிகிற அன்று இரண்டு பேரும் லேப்புக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது. சர்க்கரை அதிகமாக வந்தவர் அடுத்த ஒரு மாதம் எல்லோர் முன்னாலும் நின்று மற்றவருடைய பொருளைச் சாப்பிட வேண்டும். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தக் கடைசி நாளும் வந்தது.

ஏழு மணி இருக்கும். கவுண்டரில் நல்ல கூட்டம். நான் குனிந்து சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் மாஸ்டரின் நீலச் சட்டை ரோட்டைக் கடப்பது தெரிந்தது. என் கை தானாகக் குளிர்பெட்டிக்குப் போயிற்று. கேனை எடுத்துத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக் குடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிறகு எல்லோரும் சொன்னார்கள், சட்டை முதுகோடு ஒட்டிப்போய் இருந்ததாம். மாசக் கடைசியில் பந்தயத்தை ஜெயித்தே தீருவது என்று, வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல், வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாக நடந்திருக்கிறார். லேப்புக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமென்றால் ஊசியை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்கவில்லை. டாக்டரிடம் பந்தயத்தைச் சொல்ல வெட்கமாம்.

நான் அடுத்த ஆளுக்கு ஜூஸைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலி கேன் கையில் ஆடிக்கொண்டிருந்தது. பேங்க்காரர் ஏதோ விசாரித்திருக்கிறார். அதற்கு மாஸ்டர், “போடா, உன்ற வேலையைப் பாரு” என்றார்.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊரில் பால்காரரையும் நாய் பிடிக்க வருகிறவரையும்கூட வாங்க போங்க என்று பேசுகிற மனிதர் அவர். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. நான் அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. கண் யாரையும் பார்க்கவில்லை.

நர்ஸம்மா சொன்னது அத்தனையும் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நான் வைத்த கேனைத்தான் அவர் குடித்திருக்கிறார்.

சாத்துக்குடிச் சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். அதைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் என் கையைப் பிடித்தார்கள். சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரையா, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்றார்கள். எல்லோரும் படித்தவர்கள். பேங்க்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார், அது நல்ல காரியம். தோப்புக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். நண்பர் இருந்த நிலையைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் அவரைப் பார்த்து, “சுகர் எறங்கிருச்சுங்க. நர்ஸம்மா சொன்னாங்க. குடுத்தே ஆகோணுங்க” என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தோப்புக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்திருந்தவரை விலக்கினார்.

டம்ளரை மாஸ்டர் வாயருகே கொண்டுபோனேன். அவர் அதை மோந்து பார்த்தார். அப்புறம் தோப்புக்காரரைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சேந்துட்டீங்க. இதைக் குடிச்சுப்போட்டு நான் லேப்புக்குப் போயித் தோக்கோணும். அதுதான?”

தட்டிவிட்டார். டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. இன்னொரு டம்ளர் கொண்டுபோனேன். வாயை இறுக மூடிக்கொண்டார். தோப்புக்காரர் கெஞ்சினார், பந்தயம் வேண்டாம், நான் தோற்றுவிட்டேன் என்றார். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மயங்கிவிட்டால் அப்புறம் எதுவும் கொடுக்க முடியாது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொன்ன முதல் சட்டம், சர்க்கரை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது, கரண்டியைக்கூடக் கழுவிவிட்டுத்தான் கலக்க வேண்டும் என்பது. அந்தக் காலை வரை அதை நான் மீறியதே இல்லை. எத்தனையோ சர்க்கரை வியாதிக்காரர்கள் நம் கடைக்கு வருவது ஜூஸ் ருசிக்காக இல்லை. இந்தக் கையை நம்பித்தான்.

மாஸ்டர் என்னை நம்பவில்லை. ஆனால் கேனை நம்பினார்.

குளிர்பெட்டியைத் திறந்து புதுக் கேன் ஒன்றை எடுத்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தேன். பாதியைத் தொட்டியில் கொட்டினேன். ஜூஸில் கலக்க நாம் பாட்டிலில் காய்ச்சி வைத்திருக்கும் சர்க்கரைப் பாகை அந்தச் சின்ன ஓட்டை வழியே ஊற்றினேன். அவசரத்தில் பாதிப் பாகு என் சட்டையில் வழிந்தது. துணியால் கேனைத் துடைத்து, எப்போதும் வைப்பதுபோல, ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

அவர் கை தானாக வந்து எடுத்தது. குடித்தார். நிறுத்தினார். கேனைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு நல்லாருக்குது” என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தார்.

பத்து நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது அரை நாளாக இருந்தது. நடுக்கம் நின்றது. வேர்வை காய்ந்தது. அவர் மெதுவாக எங்களையெல்லாம் பார்த்தார். கீழே உடைந்து கிடந்த டம்ளரைப் பார்த்தார்.

“ஏனுங்க, நான் எப்ப வந்தனுங்க?” என்றார்.

தோப்புக்காரர் திரும்பி நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு பூவன் பழத்தை உரித்து அவரே ஊட்டிவிட்டார். பேங்க்காரர் தன் பப்ஸில் ஒன்றைக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் மாஸ்டர் தன் காலாலேயே நடந்து ஏறினார். நானும் கூடப் போனேன். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, இரண்டாவது கேனில் என்ன இருந்தது என்று சொன்னேன். முதல் கேனைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அதைக் குடித்ததால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அந்த நேரம் வீணாகிவிட்டது என்றார். பாகுதான் ஆளைக் காப்பாற்றியது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சைத்தான் எல்லோரும் ஊரெல்லாம் சொன்னார்கள். எனக்கு முதல் பேச்சுதான் மனதில் நின்றது.

ஐந்தாம் நாள் மாஸ்டர் கடைக்கு வந்தார். கூடவே தோப்புக்காரர். நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நன்றி சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் முதல் கேனை வைத்தேன். நர்ஸம்மா சொன்னதில் பாதியை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். இரண்டாவது கேனில் உங்களை ஏமாற்றினேன். இனி நம் கடையில் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம் என்றேன். அத்தனையும் ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாகு எவ்வளவுங்க ஊத்துனீங்க?”

“அரைக் கேனுங்க.”

“அதானுங்க. டயட்டு இத்தனை நாளா இப்படியில்லாமப் போச்சேன்னு நெனச்சேன்” என்றார். தோப்புக்காரர் சிரித்த சிரிப்பில் எதிரே நடக்கிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தயத்துக்கு முடிவு தெரியாமலேயே போய்விட்டது. டாக்டர் ஊசியின் அளவை மாற்றி, சாப்பிட்ட பிறகுதான் நடை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மாஸ்டர் அன்றைக்கு எனக்கு ஒரு புதுச் சட்டம் போட்டார். இனிமேல் அவர் கேட்காமல் நான் எதையும் எடுத்து வைக்கக்கூடாது. அவரும் என்ன சாப்பிட்டார் என்று சொல்லாமல் எதையும் கேட்கமாட்டார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டயட் கேன் நல்லதா, பழம் நல்லதா என்று வருகிறவர்கள் உங்களையும் கேட்பார்கள். கேனைத் திட்டாதீர்கள், பழத்தைச் சாமியாக்காதீர்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊசி போடுகிறவர் வேர்த்துக்கொண்டு வந்தால் பாகு பாட்டில் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரிய வேண்டும். வழக்கமான பொருளை எடுத்து வைக்கும் வழக்கத்தை விட வேண்டாம். வைப்பதற்கு முன் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள், ஒரு வார்த்தை கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

மாஸ்டர் இப்போதும் வருகிறார். நான் வேலையில் இருந்தவரை தினமும் மேசைக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல், ஊசி, மூணு இட்லி, தேங்காய்ச் சட்னி, நடை என்று வரிசையாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் நான் குளிர்பெட்டியைத் திறப்பேன். நான் வேலையை விட்டு நிற்பதற்கு முந்தின வாரம் ஒருநாள் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

“சாப்டீங்களாங்க?” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்பெட்டியின் கதவில் வைத்த கையை நான் எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. அவர் திரும்பி, நாலு கடை தள்ளியிருக்கும் இட்லிக் கடைக்குப் போனார். உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவி, கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து மறுபடி என் முன்னால் நின்றார்.

“இப்பக் கேளுங்க” என்றார்.

ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை.